மதினிக்குக் கதவு வைத்தியம்

"ணங்!"

அடுக்களைப் பக்கமிருந்து சத்தம். தொடர்ந்து "ணங் ணங்". அப்புறம் ஓர் அமைதி. ஆவுடையம்மாள் கிரைண்டரில் மாவைத் தள்ளிவிட்டுக்கொண்டிருந்த கையோடு எட்டிப் பார்த்தாள்.

புருஷன் உலகையாவும், கொழுந்தன்மார் கொம்பையாவும் சொள்ளமுத்துவும் ஒரே சட்டியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றார்கள்.

தெருவுக்கே இட்லி மாவு அரைத்துக் கொடுப்பவள் ஆவுடை. நிற்க நேரமில்லை. டீயைப் போட்டு வைத்தால் ஆடை படிந்து, அதில் எறும்பு ஒன்று நீச்சல் பழகிய பிறகுதான் அவள் வாய்க்கு வரும். உட்கார்ந்து ஒரு தம்ளர் டீயைச் சூடாகக் குடிக்க வேண்டும், ஆசை அவ்வளவுதான். தலை சுற்றுகிறதென்று ஆஸ்பத்திரிக்குப் போனபோது டாக்டரம்மா உலகையாவிடம், "உடம்புக்கு ஒண்ணுமில்ல. சந்தோஷம்தான் குறைச்சல். வேலையைப் பங்கு போட்டுக்குங்க. டீயைச் சூடாக் குடிக்கட்டும். தினமும் கொஞ்ச நேரம் தனியா இருக்கட்டும். மனசு விட்டுச் சிரிக்கட்டும்" என்றார். தம்பிமாரும் கூடவே நின்று தலையாட்டிவிட்டு வந்திருந்தார்கள்.

பங்கு போட்டாயிற்று. சட்டியின் உள்பக்கம் உலகையாவுக்கு, வெளிப்பக்கம் கொம்பையாவுக்கு.

"அப்போ விளிம்பு யாருக்குண்ணே?" என்றான் சொள்ளமுத்து.

"விளிம்பு உள்ள இருக்கா, வெளிய இருக்காலே?" என்றான் உலகையா.

"ரெண்டுலயும் இல்ல. அதனாலதான் கேக்கேன்."

கொம்பையா யோசித்தான். "அப்படின்னா அது பொதுச்சொத்து. மூணு பேரும் சேர்ந்துதான் தேய்க்கணும்."

சேர்ந்து தேய்த்தார்கள். சட்டி மறுபடியும் விழுந்தது.

ஆவுடை டீ போட்டு உதட்டருகே கொண்டுபோனாள்.

"நில்லு ஆவுடை!" உலகையா பாய்ந்து வந்தான். "சூடா இருக்கான்னு பாக்காமலா குடிக்கது?" ஒரு மடக்குக் குடித்தான். "சூடுதான்."

"ஒன் நாக்கு மரத்த நாக்குண்ணே." கொம்பையா இரண்டு மடக்குக் குடித்தான். "எனக்கு வெதுவெதுப்பாத்தான் படுது."

அண்ணன்மாருக்குள் வழக்கு வந்ததால், தீர்ப்புச் சொல்வதற்காகச் சொள்ளமுத்து மிச்சத்தைக் குடித்தான்.

"சூடாத்தான் இருந்துது மதினி. இப்போ சந்தோஷமா?"

அவள் காலித் தம்ளரைப் பார்த்தாள். அடுத்த மருந்துக்கு நேரமாகிவிட்டதென்று அவளை அறைக்குள் உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார்கள். சரி, இதாவது வாய்த்ததே என்று ஆவுடை சுவரில் சாய்ந்தாள்.

"மதினி, தனியா இருக்கியளா?"

"இருக்கேன்."

"யாருகிட்ட பேசுதிய?"

"உங்ககிட்டதான்."

வெளியே குசுகுசுப்பு. "அப்போ எங்க தனியா இருக்காவ? நம்மளோடல்லா இருக்காவ!"

"ஏட்டி, இனிமே பதில் சொல்லாத!" என்று உலகையா உத்தரவு போட்டான். கொஞ்சம் பொறுத்து, "தனியா இருக்கியாட்டி?"

அவள் பதில் சொல்லவில்லை.

"பேச்சு மூச்சைக் காணுமே! மதினிக்கு என்னமோ ஆயிட்டு!"

மூவரும் பின்வாங்கி, ஓடிவந்து மோதினார்கள். வெளியே இழுத்தால் திறக்கிற கதவு அது. கீலோடு பெயர்ந்து, மூன்று பேரையும் சுமந்துகொண்டு அறைக்குள் விழுந்தது. அதன்மேல் குப்புறக் கிடந்தபடியே சொள்ளமுத்து தலையைத் தூக்கினான்.

"மதினி, நாங்க வந்தது தொந்தரவு இல்லயே?"

ஆவுடைக்குப் பொத்துக்கொண்டு வந்தது. சேலைத் தலைப்பை வாயில் திணித்தும் சிரிப்பு அடங்கவில்லை.

மூவரும் எழுந்திருக்காமலே ஆலோசனை நடத்தினார்கள்.

"சட்டி தேய்ச்சோம், சிரிக்கல. டீயைக் குடிச்சோம், சிரிக்கல."

"கதவு விழுந்துது, சிரிச்சாவ."

"அப்போ மருந்து கதவுதாம்ல!"

"டாக்டரம்மா தினமும்னு சொன்னாங்கல்லா?"

அன்றிலிருந்து தினமும் சாயங்காலம், உடைப்பதற்காகக் கதவை மாட்டுகிறார்கள். மாட்டுவது லேசுப்பட்ட வேலையா? ஒருவன் தலைகீழாகப் பிடிப்பான். ஒருவன் ஆணியைத் தேடுவான். அது அவன் வாயிலேயே இருக்கும். அந்த நேரத்தில் சட்டியைப் பங்கு போட ஆளில்லை, டீயை ருசி பார்க்கவும் ஆளில்லை. ஆவுடை மணையில் உட்கார்ந்து, ஆவி பறக்கிற டீயை ஊதி ஊதி அடிவரைக்கும் குடிக்கிறாள்.

"மதினி, கதவு தயார்! உள்ள போங்க!"

போவாள். மோதுவார்கள். விழும். சிரிப்பாள்.

நேற்று மாவு வாங்க வந்த தச்சாசாரி கதவின் கோலத்தைப் பார்த்து, "உலகையா, விழாத கதவா ஒண்ணு செஞ்சு தரட்டுமா?" என்றார்.

உலகையா பதறிப்போனான். "விழாத கதவா? வீட்டுல நோயாளி இருக்கா ஆசாரியாரே! வேணும்னா இன்னும் கொஞ்சம் லேசா விழுத மாதிரி பாருங்க."

ஆவுடை இன்னும் சூடு ஆறாத டீத் தம்ளரைக் கழுவிக் கவிழ்த்துவிட்டு, சத்தம் காட்டாமல் மாவைத் தள்ளிவிட உட்கார்ந்தாள்.