மன்னரின் திமிங்கலம்

இங்கிலாந்தின் கிழக்குக் கடலோரத்தை ஹெர்வின் என்றொரு மன்னர் ஆண்டுவந்தார். அவர் நாட்டில் ஒரு விசித்திரமான சட்டம் இருந்தது. கரை ஒதுங்கும் திமிங்கலம் எதுவானாலும் மன்னருக்குத்தான் சொந்தம். அதில் கத்தி வைத்தவனுக்கு வலது கை போய்விடும்.

ஒரு குளிர்காலம். கார்ல்விக் என்ற மீனவர் குப்பத்தில் வீடு மாதிரி ஒரு திமிங்கலம் செத்து ஒதுங்கியது. புயலால் இரண்டு மாதமாக அங்கே படகு இறங்கவில்லை. குழந்தைகள் பசியில் சுருண்டு கிடந்தார்கள். எடித் என்ற விதவை கத்தியை எடுத்தாள். அவளைப் பார்த்து இன்னும் பத்துப் பேர் எடுத்தார்கள். அன்று குப்பமே வயிறாரச் சாப்பிட்டது.

மறுவாரம் பதினொரு பேரும் சிறையில் இருந்தார்கள்.

"சட்டம் சட்டம்தான், அரசே. கையை வெட்டுங்கள்" என்றார் அமைச்சர் கில்பர்ட் பிரபு.

மன்னருக்கு மனசே வரவில்லை. ஆனால் தன் சட்டத்தைத் தானே மீற முடியுமா? தாடியைத் தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

அரண்மனை விகடகவி ஹாப்கின் எழுந்தான்.

"அரசே, திருட்டு எவ்வளவு என்று தெரிய வேண்டாமா? மிச்சத்தைக் கொண்டுவருகிறேன். பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள்."

"நல்ல யோசனை" என்றார் மன்னர். கில்பர்ட்டும் தலையாட்டினார்.

ஒன்பதாம் நாள் இருபது மாட்டுவண்டிகள் அரண்மனை முற்றத்தில் வந்து நின்றன. வண்டி வருவதற்கு முன்பே அழுகிய திமிங்கலத்தின் நாற்றம் வந்துவிட்டது. காவலர்கள் ஈட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்கள். ராணி மயங்கி விழுந்தாள். கில்பர்ட் தூணுக்குப் பின்னால் வாந்தி எடுத்துக்கொண்டிருந்தார்.

"என்னடா இது?" என்று மூக்கைப் பிடித்துக்கொண்டு அலறினார் மன்னர்.

"தங்கள் சொத்து, அரசே. எங்கே இறக்கி வைக்கட்டும்? படுக்கையறைப் பக்கமா?"

"என் சொத்தா? இது எனக்கு வேண்டாம்!"

"சட்டப்படி தங்களுடையது ஆயிற்றே!"

"இல்லை! இது என்னுடையது இல்லை! கரை ஒதுங்கிய நாளிலிருந்தே என்னுடையது இல்லை! எழுதிக்கொள்ளுங்கள்!"

எழுத்தர் ஒரு கையால் மூக்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் எழுதினார். மன்னர் முத்திரையும் வைத்தார்.

ஹாப்கின் குனிந்து வணங்கினான். "அப்படியானால் தங்கள் பொருளை யாரும் தொடவே இல்லை, அரசே. பதினொரு பேர் எதற்காகச் சிறையில் இருக்கிறார்கள்?"

மன்னர் மூக்கிலிருந்து கையை எடுத்துவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அன்றே பதினொரு பேரும் இரண்டு கையோடும் வீடு திரும்பினார்கள்.

"ஹாப்கின், உனக்கு என்ன பரிசு வேண்டும்? கேள்!"

"ஒரு தொட்டி வெந்நீர், அரசே. நாலு நாளாகத் தங்கள் சொத்தோடு ஒரே வண்டியில் வந்திருக்கிறேன்!"