நாலு சொல், நாலு வாக்கியம்

“அம்மை, இந்த நாலில் எது முதலில் வரணும்?”

தில்லைநாயகம் ஆசிரமத்துக் கதவுக்கு வெளியே நின்றபடியே கேட்டார். கையில், அவர் தொகுக்கும் ஆங்கில-தமிழ் அகராதியின் புரூஃப் தாள்கள், அச்சகத்திலிருந்து அப்போதுதான் வாங்கி வந்தவை.

ஆசிரமத்தை நடத்தும் அம்மை உள்ளே முறத்தில் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தார். தில்லைநாயகத்தைவிடப் பத்து வயது இளையவர். கல்லூரியில் ஆங்கிலம் நடத்தி ஓய்வுபெற்ற தில்லைநாயகம், பன்னிரண்டு வருஷமாகத் தலை வணங்கியது இந்த ஒருவரிடம்தான்.

“வெளியே ஏன் நிக்கிறீங்க, வாத்தியாரையா?”

“எங்கம்மா போய் ஆறு நாள்தான் ஆகுது. தீட்டு.”

“அச்சாபீசுக்குத் தீட்டு கிடையாதா?”

“அது வேலை, அம்மை.”

அம்மை முறத்தோடு எழுந்து வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். பக்கத்தில் இடம் காட்டினார். தில்லைநாயகம் இரண்டு படி தள்ளி உட்கார்ந்தார்.

கீழே ஆறு. அணை திறந்து மூன்று நாளாகிறது. புதுத் தண்ணீர் படித்துறையில் பாதியை விழுங்கியிருந்தது.

“என்ன சொல்லு அது?”

“ஆங்கிலத்துல ‘கஸ்டம்’.”

“ஏர்போர்ட்டுல பெட்டியைத் திறன்னு சொல்லுவாங்களே, அதுவா?”

“அது கஸ்டம்ஸ். சுங்கம். அதைத் தனியாப் போட்டுட்டேன். கடைக்கு வாடிக்கைங்கிறதும் தனி. தலைமுறை தலைமுறையா நடந்து வர்றதுன்னு ஒரு அர்த்தம் இருக்கே, அதுக்குத்தான் நாலு சொல்லு வெச்சிருக்கேன். வழக்கம், மரபு, சம்பிரதாயம், பழக்கம். எது முன்னால எது பின்னாலன்னு முடிவுக்கு வர முடியலை. நாளன்னைக்கு அச்சு.”

“ஒரே சொல்லுக்கு இத்தனை அர்த்தமா? வெள்ளைக்காரனுக்குச் சொல்லுப் பஞ்சம் போல.”

தில்லைநாயகம் சிரித்தார். ஆறு நாளில் அவர் சிரித்தது அதுதான் முதல் தடவை.

அம்மை தாளைப் பார்த்தார். “உதாரண வாக்கியம் காலியா இருக்கே.”

“இன்னும் எழுதலை.”

“காதால கேக்காத ஒரு வாக்கியமும் இந்த அகராதியில கிடையாதுன்னு முன்னுரையில எழுதியிருக்கீங்க. வாசிச்சுக் காட்டினீங்க.”

“ஆமாம்.”

“அப்ப வழக்கத்துக்கு ஒண்ணு சொல்லுங்க. புஸ்தகத்துலேர்ந்து வேண்டாம். கடைசியா உங்க வாயால எப்ப சொன்னீங்க?”

தில்லைநாயகம் யோசித்தார். நினைவுக்கு வந்ததும், சொல்லாமல் இருந்தால் போதும் என்றிருந்தது.

“‘பொம்பளைங்க சுடுகாட்டுக்கு வர்ற வழக்கமில்லை.’”

“யார்கிட்ட?”

“அக்காகிட்ட. தெருமுனை வரைக்கும் வந்துட்டா. அங்கேயே நிறுத்தினேன்.”

அம்மை ஒரு கொத்தை எடுத்து உருவினார்.

“மரபு?”

“‘மகன் இருக்கிறப்ப மக கொள்ளி வைக்கிற மரபு நம்மகிட்ட இல்லை.’”

“யார்கிட்ட?”

“அக்காகிட்டதான். அதுக்கு முந்தி. அம்மா மூச்சு நின்ன அன்னைக்கே கேட்டா.”

“ஒம்போது வருஷமா உங்கம்மாவைப் படுக்கையில வெச்சுப் பார்த்தது அவங்கதானே?”

“ஆமாம்.”

“நீங்க?”

“நான் டவுன்ல இருந்தேன். அகராதி வேலை.”

ஆற்றில் ஒரு வாழைமட்டை சுழன்று போயிற்று. அதைப் பார்க்கிற சாக்கில் தில்லைநாயகம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

“சம்பிரதாயம்?”

“வேண்டாமே, அம்மை.”

“அகராதி வேலை, வாத்தியாரையா.”

அவர் குரல் இறங்கியது. “‘கல்யாணமாகாதவ அஸ்திக் கலயத்தைத் தொடக்கூடாது. அது சம்பிரதாயம்.’ நேத்து சொன்னேன். ஆத்துல கரைக்க நானும் வரேன், ஒரு தடவை கையில வாங்கிக்கிறேன்னா.”

“கலயம் இப்ப எங்கே?”

“வீட்டு வேப்பமரத்துல கட்டியிருக்கு.”

“மூணாம் நாளே கரைச்சிருக்கணுமே.”

தில்லைநாயகம் தாள்களை மடியில் தட்டி அடுக்கினார். அடுக்கியதையே மறுபடியும் அடுக்கினார்.

“புரூஃப் இருந்தது,” என்றார்.

அம்மை முறத்தில் உதிர்ந்த காம்புகளைப் பொறுக்கினார். வைதிருந்தால் தேவலை என்று தில்லைநாயகத்துக்குத் தோன்றியது. தனக்கு வேண்டாதபோது ஒதுக்கி வைக்கவும், அக்கா கேட்டபோது குறுக்கே நீட்டவும் இந்தச் சொற்கள் தனக்கு எவ்வளவு வசதியாக இருந்திருக்கின்றன. நாற்பது வருஷம் சொல்லுக்குப் பொருள் தேடியவன் இதைப் பார்க்கவில்லை. இல்லை, பார்த்தான், தெருமுனையில் அவள் நின்ற நிலையைத் திரும்பிப் பார்த்தான். பார்த்துவிட்டுத்தான் நடந்தான்.

“நாலாவது?”

“பழக்கம். அது நான் சொன்னதில்லை. அக்கா சொன்னது.”

“சொல்லுங்க.”

“எப்பவாவது போன்ல கேப்பேன், ராத்திரியெல்லாம் முழிச்சிருக்கியே, சிரமமா இல்லையான்னு. ‘பழக்கமாயிடுச்சு தம்பி, நீ உன் வேலையைப் பாரு’ன்னுவா.”

ஒன்பது வருஷமும் அந்த ஒரு பதிலை வாங்கிக்கொண்டு போனை வைத்திருக்கிறார். வைத்ததும் நிம்மதியாகவே இருந்திருக்கிறது.

கீரை உருவி முடிந்தது.

தில்லைநாயகம் எழுந்தார். தாள்களைப் பைக்குள் திணித்தார். ஒன்று மடங்கிக் கசங்கியது. அவர் கவனிக்கவில்லை.

“நான் கிளம்பறேன், அம்மை. நாளைக்கு விடிஞ்சதும் அக்காவை இங்கே கூட்டிட்டு வரேன். கலயம் அவ கையிலேயே இருக்கட்டும். அவளே கரைக்கட்டும். யார் என்ன சொன்னாலும் சரி.”

அம்மை முறத்தைக் கீழே வைத்தார்.

“கனகவல்லின்னுதானே பேரு?”

“ஆமாம். உங்களுக்கு எப்படி...”

“இன்னைக்குக் காலையில முதல் பஸ்ஸுல வந்தாங்க. தனியாத்தான். முந்தானையில கலயத்தைப் பொதிஞ்சு வெச்சிருந்தாங்க. கரைச்சுட்டு அடுத்த பஸ்ஸுல திரும்பிட்டாங்க.”

தில்லைநாயகம் பிடித்துக்கொள்ள எதையோ தேடினார். கதவு நிலை கைக்கு அகப்பட்டது. தீட்டு நினைவுக்கு வரவில்லை.

“உங்ககிட்ட என்ன கேட்டா?”

“பொம்பளைங்க எந்தப் படி வரைக்கும் இறங்கலாம்னு கேட்டாங்க.”