இடக்கை உயர்த்தியவர்கள்

மங்கையர்க்கரசி அம்மையார் ஆசிரியர் பயிற்சி நிறுவனத்தின் முதல்வர். அவரிடம் பயின்ற தணிகைவேல் ஒரு நடுநிலைப் பள்ளியில் கணக்கு ஆசிரியர். தம் வகுப்பில் நடப்பவற்றை அவர் வலைப்பூவில் எழுதிவந்தார். பல ஊர்களின் ஆசிரியர்கள் அதைப் படித்துப் பாராட்டினர்.

ஒருநாள் அவர் அம்மையாரிடம் கேட்டார்.

"அம்மா, எல்லாரும் கருத்து எழுதுகிறார்கள். நீங்கள் மட்டும் ஒரு சொல்லும் எழுதவில்லை. என் எழுத்தில் என்ன குறை?"

"குறையே இல்லை. அதுதான் எனக்கு எரிகிறது."

தணிகைவேல் சிரித்தார். அம்மையார் சிரிக்கவில்லை.

"எஸ்தர் என்றொரு பெண் உன் வலைப்பூவில் கருத்து எழுதியிருந்தாளே."

"மலைக்கிராமத்துப் பள்ளி ஆசிரியை. தாளை மடித்துப் பின்னம் கற்பிக்கும் என் முறையை அப்படியே செய்து பார்த்தாராம். பிள்ளைகள் குழம்பிவிட்டார்களாம். தமக்குக் கற்பிக்கும் தகுதி இல்லை, வேலையை விடப்போவதாக எழுதியிருந்தார்."

"நீ என்ன மறுமொழி போட்டாய்?"

"மனம் தளராதீர்கள், வாழ்த்துகள் என்று எழுதி, ஒரு பூங்கொத்துப் படமும் போட்டேன்."

"அவளுக்கு வழியனுப்பு விழாவா நடத்துகிறாய்? நாளை உன் வகுப்புக்கு வருகிறேன்."

மறுநாள் வந்தார். வணக்கம் சொல்லிய பிள்ளைகளை உட்காரச் செய்தார்.

"பாதி பெரிதா, மூன்றில் ஒரு பங்கு பெரிதா? தெரிந்தவர்கள் கை தூக்குங்கள்."

அத்தனை பேரும் கை தூக்கினர். தணிகைவேலின் முகம் மலர்ந்தது. அம்மையார் கைகளைப் பார்த்தார். சிலர் தூக்கியது வலக்கை. சிலர் தூக்கியது இடக்கை.

பார்வையிட யாரேனும் வந்தால், விடை தெரிந்தவர் வலக்கையும் தெரியாதவர் இடக்கையும் தூக்குமாறு பழக்கிவைப்பது ஆசிரியர்களின் பழைய தந்திரம். வலக்கை தூக்கியவர்களை மட்டும் எழுப்பிக் கேட்டால் வகுப்பு முழுதும் தேறியதாகத் தோன்றும்.

அம்மையார் இடக்கை தூக்கியிருந்த ஒரு சிறுமியிடம் போனார். அவள் பெயர் தர்ஷிகா.

"நீ சொல்."

"என்னைக் கேக்க மாட்டாங்கன்னு சார் சொன்னாங்க டீச்சர்."

"நான் கேட்கிறேன்."

"மூணுல ஒண்ணுதான் பெருசு."

வகுப்பு சிரித்தது.

"ஏன்?"

"அன்னைக்குத் தாள் மடிச்சோம். எனக்குச் செய்தித்தாள் கிடைச்சுது. பக்கத்துல இவனுக்கு நோட்டுத்தாள். இவன் பாதியைவிட என் மூணுல ஒண்ணு பெருசா இருந்துச்சு. அடுத்த நாள் சார் எல்லாருக்கும் ஒரே மாதிரி தாள் குடுத்தாங்க. ஏன்னு சொல்லலை."

இப்போது யாரும் சிரிக்கவில்லை.

"நீ பார்த்தது சரி. சார் காரணம் சொல்வார்," என்ற அம்மையார், தணிகைவேலை நோக்கி, "வெளியே வா," என்றார்.

இருவரும் வாசலுக்கு வந்தனர்.

"முதல் நாள் பாடம் கெட்டது உனக்குத் தெரியும்."

"தெரியும் அம்மா. காரணத்தை அன்று மாலையே கண்டுபிடித்துவிட்டேன். தாள்களின் அளவு."

"வலைப்பூவில் எந்த நாளை எழுதினாய்?"

"அடுத்த நாளை."

"எஸ்தரின் பிள்ளைகளும் கையில் கிடைத்த தாளைத்தான் மடித்திருப்பார்கள். உன் ஒரு வரி அவளுக்குப் போதும். அதை நீ விழுங்கினாய். அவள் தன்னைத் தண்டித்துக்கொள்கிறாள்."

தணிகைவேலுக்கும் கோபம் வந்தது.

"எல்லாரும் நன்றாக நடந்ததைத்தானே எழுதுகிறார்கள்? என்னை மட்டும் ஏன் கடிந்துகொள்கிறீர்கள்?"

"எல்லாரும் மங்கையர்க்கரசியின் மாணவர் என்று வலைப்பூவின் தலைப்பில் போட்டுக்கொள்ளவில்லை. நீ போட்டிருக்கிறாய்."

தணிகைவேல் கைபேசியை எடுத்தார்.

"எஸ்தருக்கு என்ன எழுதட்டும் அம்மா?"

அம்மையார் வகுப்பறைக்குள் பார்த்தார். இறக்கச் சொல்லாததால் பிள்ளைகள் இன்னும் கை தூக்கியபடியே இருந்தனர்.

"உள்ளே போ. இடக்கைகளை எண்ணு. அங்கிருந்து எழுதத் தொடங்கு."