எழுத வராத வழக்கு

அந்தக் காலத்து ஏதென்ஸ் நகரில், வழக்கில் மாட்டியவன் தன் வாயால்தான் பேச வேண்டும். ஆனால் பேச்சை இன்னொருவரிடம் எழுதி வாங்கி மனப்பாடம் செய்துகொள்ளலாம். அதில் தப்பில்லை.

எழுதிக் கொடுப்பதில் பிலோகிளிஸ் கெட்டிக்காரன். செக்குக்காரனுக்கு எழுதினால் செக்குக்காரன் பேசுவது போலவே இருக்கும். ஆளைப் பார்த்த கொஞ்ச நேரத்தில் உள்ளும் புறமும் படித்துவிடுவான் என்று ஊரில் பேச்சு. அவனுக்கும் அதில் கர்வம்தான்.

ஊருக்கெல்லாம் சகுனம் சொன்ன பல்லி கழுநீர்ப் பானையில் விழுந்த கதையாக, இப்போது அவன்மீதே வழக்கு. போர்க்களத்தில் கேடயத்தை வீசிவிட்டு ஓடினான் என்று பக்கத்தில் நின்றவனே குற்றம் சாட்டியிருந்தான். தோற்றால் குடியுரிமை போய்விடும். கோயிலுக்குள் நுழைய முடியாது, சந்தையில் தலைகாட்ட முடியாது.

மறுநாள் விசாரணை. ஏழு நாளாக உட்கார்ந்தும் ஒரு வரி வரவில்லை. பயந்துபோய்த் தன் குரு எவாந்தரிடம் ஓடினான். அவர் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்.

"குருவே, யார் யாருக்கோ எழுதினேன். எனக்கு எழுத வரவில்லை. 'உன்னையே அறிந்துகொள்' என்று தெல்ஃபி கோயிலில் வெட்டி வைத்திருக்கிறார்களே, அதை எப்படித்தான் செய்வது?"

"இதே குற்றத்துக்கு முன்பு யாருக்காவது எழுதியிருக்கிறாயா?"

"மூன்று பேருக்கு. மூவரும் தப்பினார்கள்."

"அவர்களிடம் எப்படித் தொடங்கினாய்? காட்டு. நான்தான் கேடயத்தை வீசியவன். உன்னிடம் வந்திருக்கிறேன்."

தொழில் என்றதும் பிலோகிளிஸ் முகத்தில் களை வந்தது. நிமிர்ந்து உட்கார்ந்தான். விளையாட்டு என்பதால் குருவையே 'நீ' என்றான்.

"பெயர்?"

"பிலோகிளிஸ்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. "வயது?"

"நாற்பத்திரண்டு."

"எங்கே நின்றாய்?"

"இரண்டாம் வரிசையில், இடது கோடியில்."

"சரி, கதவைச் சாத்திவிட்டு வா. இனி நீயும் நானும்தான். என்னிடம் மறைத்தால் என்னால் எழுத முடியாது. ஓடினாயா, இல்லையா?"

எவாந்தர் அடுத்த காயை எடுத்தார்.

"பதில் சொல்லுங்கள், குருவே."

"எனக்கு எப்படித் தெரியும்? நானா அங்கே நின்றேன்?"

பிலோகிளிஸ் விழித்தான். ஏழு நாளில் இந்தக் கேள்வியை மட்டும் அவன் தன்னிடம் கேட்டிருக்கவில்லை.

"கேடயத்தின் வார் அறுந்து போனது..." என்று தொடங்கினான்.

"அது நாளைக்கு, நீதிபதிகளுக்கு. இப்போது கேட்டவன் நீ."

கூடையில் இருந்த காய் முழுவதும் உரித்தாகிவிட்டது. குரு தோலை அள்ளி ஆட்டுக்குப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தார்.

"வார் அறுந்து போகவில்லை," என்றான் பிலோகிளிஸ். "எனக்கு முன்னால் நின்றவன் விழுந்தான். பயந்துவிட்டேன். ஓடினேன்."

எவாந்தர் எழுதுபலகையை எடுத்து அவன் மடியில் வைத்தார்.

"இந்த ஆளுக்கு உன்னால் எழுத முடியும்," என்றார்.