பத்துக்கு எட்டரை

"டீச்சர், இதுக்குப் பத்துக்கு எத்தனை போடட்டும்? பதினோரு நாளாப் பார்க்கிறேன், கை வரமாட்டேங்குது."

கையில் ஒரு கம்ப்யூட்டர் மதர்போர்டோடு கேட்டவர் தணிகாசலம். வயது ஐம்பத்திரண்டு. புது மதர்போர்டு எது வந்தாலும் சோதித்துப் பார்த்து, வீடியோவில் தமிழில் விமர்சனம் சொல்பவர். அவர் வாயால் எட்டு வாங்கிய போர்டு கடையில் தங்காது.

டீச்சர் என்பது ஷமீமா. வயது முப்பத்து நாலு. செத்த போர்டுகளை உயிர்ப்பிக்கிற கடை. முன்னே பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்ததால் தெருவுக்கே டீச்சரம்மா. தணிகாசலம் சால்டரிங் கற்றதும் அவரிடம்தான். வயசைப் பார்த்துக்கொண்டிருந்தால் வித்தை வருமா?

அன்றைக்குக் கத்திரி வெயில் ஆரம்பித்து ஆறாம் நாள்.

"என்ன போர்டு?" ஷமீமா நிமிரவில்லை.

"புது சிப்செட். பெரிய பணக்காரனுக்கும் இல்லை, ஒண்ணுமில்லாதவனுக்கும் இல்லை. நடுவுல இருக்கிறவனுக்காம். நாளைக்குக் காலையில் என் வீடியோ போகணும்."

"எப்படி இருக்கு?"

"நல்லாத்தான் இருக்கு. போன வருஷமும் நல்லாத்தான் இருந்தது. அதுக்கு முந்தின வருஷமும். அவங்க பேரை மாத்தி மாத்தி அனுப்புறாங்க, நான் வார்த்தையை மாத்தி மாத்திப் பேசுறேன். எதுக்கு இந்தப் பொழப்புன்னு இருக்கு டீச்சர்."

ஷமீமா மேசைக்கு அடியிலிருந்து ஒரு போர்டை எடுத்து அவர் முன் வைத்தார். ஒரு மூலை கருகியிருந்தது.

"இதுக்குப் பத்துக்கு எத்தனை?"

தணிகாசலம் திருப்பித் திருப்பிப் பார்த்தார். போன வருஷத்து போர்டு.

"எட்டரை."

"யார் கொடுத்தது?"

"நான்தான்."

"சூட்டைப் பத்தி என்ன சொன்னீங்க?"

"சூடு ஒரு பிரச்சினையே இல்லைன்னு சொன்னேன். பொய் இல்லை டீச்சர், அளந்து பார்த்துத்தான் சொன்னேன்."

"எங்க வெச்சு அளந்தீங்க?"

"வீட்டுல, மேசை மேல. திறந்து வெச்சு. விமர்சனம் பண்ற எல்லாரும் அப்படித்தான். கம்ப்யூட்டர் கேபினெட்டுக்குள்ள வெச்சு மூடிட்டா கேமராவுக்கு என்ன தெரியும்?"

ஷமீமா எழுந்தார். மின்விசிறியை நிறுத்தினார். ஷட்டரைக் கீழே வரை இழுத்துவிட்டார். மேலே ஆஸ்பெஸ்டாஸ் கூரை. கொஞ்ச நேரத்தில் தணிகாசலத்தின் சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது.

"இப்ப சொல்லுங்க. சூடு பிரச்சினையா?"

தணிகாசலம் ஒட்டிய சட்டையை முதுகிலிருந்து இழுத்துவிட்டுக்கொண்டார்.

ஷமீமா புது போர்டில் ஒரு மூலையைத் தொட்டார். அங்கே கறுப்பாக ஒரு மூடி.

"இதைப் பத்தி என்ன சொல்லப் போறீங்க?"

"பிராசசருக்குக் கரண்ட் போற இடம் அது. கவசம் மாதிரி மூடி, கம்பீரமா இருக்குன்னு எழுதி வெச்சிருக்கேன்."

"கழட்டிப் பார்த்தீங்களா?"

"ஐயோ! கம்பெனி சாம்பிள். திருப்பி அனுப்பணும். ஸ்க்ரூவுல கீறல் விழுந்தா கேள்வி வரும். அடுத்த போர்டு எனக்கு வராது."

"சரி, கழட்டாதீங்க."

ஸ்க்ரூடிரைவரை அவர் பக்கத்தில் வைத்துவிட்டு ஷமீமா தன் வேலைக்குத் திரும்பினார்.

தணிகாசலம் ரொம்ப நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு எடுத்தார். இரண்டே ஸ்க்ரூ.

மூடி கையோடு வந்தது. வெறும் பிளாஸ்டிக். சூட்டை இழுக்க ஒரு துண்டு உலோகம் கிடையாது. கீழே இருந்தது, பக்கத்தில் கருகிக் கிடந்த போன வருஷத்து போர்டின் அதே மூலை. ஒன்றுகூட மாறவில்லை, கருகாததைத் தவிர.

"பதினஞ்சு வருஷம் டீச்சர். எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன்?"

"எனக்கெப்படித் தெரியும்? இங்க வந்தது மட்டும்தான் தெரியும்."

செத்த போர்டுகள் அடுக்கியிருந்த சுவரோரத்து அலமாரியை ஷமீமா காட்டினார். தணிகாசலம் அந்தப் பக்கம் திரும்பவில்லை. தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டார்.

ஷட்டரை யாரோ தட்டினார்கள். ஷமீமா தூக்கிவிட்டார்.

வந்தவர் ஏகாம்பரம். செய்யாறில் போட்டோ ஸ்டுடியோ. கருகிய போர்டுக்குச் சொந்தக்காரர்.

"உயிர் வந்துச்சா டீச்சரம்மா?"

"வரலை. அந்த மூலை மொத்தமாப் போயிடுச்சு."

ஏகாம்பரம் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். "வைகாசியில மூணு கல்யாணம் ஒத்துக்கிட்டேன். ஆல்பத்தை எதுல போடுவேன்?"

"வேற வழியே இல்லையா டீச்சர்?" என்றார் தணிகாசலம்.

ஏகாம்பரம் சட்டென்று திரும்பினார்.

"இந்தக் குரல்... சார், நீங்களா! நீங்க சொல்லித்தானே இதை வாங்கினேன்!"

கன்னத்தில் ஓர் அறை விழப்போகிறது என்று தணிகாசலம் நினைத்தார். விழுந்திருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். ஏகாம்பரமோ அவர் கையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"உங்களைக் குத்தம் சொல்லலை சார். என் ராசி அப்படி. நாளைக்குப் புதுசு ஒண்ணைப் பத்திச் சொல்லப் போறீங்களாமே? அதையே வாங்கிடலாம்னு இருக்கேன். எப்படி சார் இருக்கு?"

தணிகாசலம் ஷமீமாவைப் பார்த்தார். ஷமீமா சால்டரிங் முனையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"உங்க ஸ்டுடியோவுல ஏசி இருக்கா?"

"எங்க சார்! மேல தகரம், பக்கத்துல டேபிள் ஃபேன். அதையும் கம்ப்யூட்டர் பக்கம் திருப்பி வெச்சுட்டு நான் வேர்த்துக்கிட்டுக் கிடப்பேன்."

"என் வீட்டுல ஏசி இருக்குங்க. அதுலதான் வெச்சு அளக்கிறேன்."

சொல்லிவிட்டுத் தணிகாசலம் தன் கையை உருவிக்கொண்டார்.

ஏகாம்பரத்துக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனாலும் சிரித்தார்.

"இருக்கட்டும் சார். நீங்க நல்லா இருந்தாத்தானே எங்களுக்கு நல்லதாப் பார்த்துச் சொல்வீங்க."