அதே பத்து மடங்கு

இந்தப் புதிரில் ஒளித்து வைத்த எண் எதுவும் இல்லை. எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன். படிக்கும்போது கோபம் வரும். எனக்கும் இன்னும் ஆறவில்லை. கோபத்தில் எண்களை மட்டும் தவறவிட்டுவிடாதீர்கள்.

ஓசூரில் மேகலா சிஸ்டம்ஸ் என்று ஒரு கம்பெனி. கம்ப்யூட்டருக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் எஸ்.எம்.பி.எஸ். பெட்டி செய்கிறார்கள். முதலாளி திம்மராஜ். மூன்று வருடத்துக்கு முன், தீபாவளி நெருங்கும்போது, தொழிலாளர்களைக் கூப்பிட்டு, "போனஸுக்குப் பதிலா பங்கு தர்றேன். நீங்களும் முதலாளி ஆகுங்க" என்றார். அறுபத்திரண்டு பேர் ஒப்புக்கொண்டார்கள். ஆளுக்கு இருபதாயிரம் ரூபாய் போனஸ் போயிற்று. ஆளுக்கு நூறு பங்கு வந்தது.

ஒரு பங்கு இருநூறு ரூபாய் என்று எப்படி முடிவானது? ஒப்பந்தத்தில் விதி இருந்தது. கடைசியாக முடிந்த கணக்கு வருடத்தில் ஒரு பங்குக்கு எவ்வளவு லாபமோ, அதைப் பத்தால் பெருக்க வேண்டும். பங்குச் சந்தையிலும் இதுபோன்ற ஹார்டுவேர் கம்பெனிகள் லாபத்தைப்போல் பத்து மடங்கு விலைக்குத்தான் போய்க்கொண்டிருந்தன. அதில் பொய் இல்லை. அந்த வருடம் ஒரு பங்குக்கு லாபம் இருபது ரூபாய். அதில் எட்டு ரூபாய், கம்பெனிக்குப் பின்னால் சும்மா கிடந்த நிலத்தை விற்று வந்தது. அந்தப் பணத்தைத் திம்மராஜின் குடும்பம், தொழிலாளர்களுக்குப் பங்கு தருவதற்கு முந்தைய வாரமே ஈவுத்தொகையாக எடுத்துக்கொண்டுவிட்டது.

ஒப்பந்தத்தில் இன்னொரு வரியும் இருந்தது. கம்பெனி விரும்பும் நாளில், அதே விதிப்படி, பங்குகளைத் திரும்ப வாங்கிக்கொள்ளலாம்.

அந்த நாள் இந்த ஏப்ரலில் வந்தது. போன வருட மழையில் கிடங்குக்குள் தண்ணீர் புகுந்து சரக்கு வீணாகியிருந்தது. பங்குக்கு ஐந்து ரூபாய் நஷ்டம். அதைக் கழித்து, லாபம் ஏழு ரூபாய் என்று மார்ச்சில் கணக்கு முடிந்தது. வீணான சரக்குக்கு இன்சூரன்ஸ் பணம் முழுதாக ஏப்ரல் இரண்டாம் வாரம் வந்து சேர்ந்தது. மூன்றாம் வாரம் திம்மராஜ் கேண்டீனில் கூட்டம் போட்டார்.

"ஏழு பெருக்கல் பத்து. பங்குக்கு எழுபது. அன்னிக்கு என்ன விதியோ, இன்னிக்கும் அதே விதி. ஒரு எழுத்து மாத்தல."

உண்மைதான், மாற்றவில்லை. எனக்கு ஆத்திரமே அதில்தான்.

சால்டரிங் வரிசையில் பதினாறு வருடமாக வேலை செய்யும் மாதம்மாள் எழுந்தார். "நூறு பங்குக்கு ஏழாயிரமா? அந்த போனஸ்ல கூரை மாத்தலாம்னு இருந்தேன் சார். இன்னும் மழை வந்தா வீட்டுக்குள்ள அண்டா வெச்சுப் புடிக்கிறேன். இருநூறு குடுத்தேன், இருநூறு குடுங்க."

"பங்குன்னா ஏறும், இறங்கும்மா."

"எது இறங்குச்சு? அன்னிக்கும் ஷிப்டுக்கு நானூறு பெட்டி முடிச்சோம், இன்னிக்கும் நானூறுதான். எங்க வீட்டு அண்டாவுல தண்ணிதான் ஏறுது."

கேண்டீன் சிரித்தது. திம்மராஜ் சிரிக்கவில்லை.

ஆடிட்டர் அலுவலகத்திலிருந்து கணக்குப் புத்தகங்களோடு என்னை அனுப்பியிருந்தார்கள். நான் வேலையில் சேர்ந்து நான்கு மாதம். எங்கள் வீட்டில் காலேஜ் படியேறிய முதல் ஆள். நானும் எழுந்தேன். "வெள்ளம் வருடா வருடம் வருவதில்லை சார். நஷ்டப் பணமும் திரும்பி வந்துவிட்டது. அந்த ஐந்தைச் சேர்த்தால் லாபம் பன்னிரண்டு. பங்கு நூற்றிருபது" என்றேன். ஒரு தாளில் எழுதியும் கொடுத்தேன்.

முறைப்பார் என்று நினைத்தேன். அவர் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். "படிச்ச பொண்ணே சொல்லிடுச்சு. சரி, ஐம்பது ரூபா கூடவே போட்டுத் தர்றேன். கை தட்டுங்க!"

தட்டினார்கள். கையெழுத்துப் போட வரிசையும் கட்டிவிட்டார்கள். மாதம்மாள் மட்டும் இடத்தை விட்டு நகரவில்லை. "ஏன் பாப்பா, பாதியில நிறுத்திட்ட?" என்றார் என்னிடம்.

முதலாளி எழுபது என்கிறார். விதி அவர் பக்கம். மாதம்மாள் இருநூறு என்கிறார். பங்கின் விலையாகப் பார்த்தால் எந்தக் கணக்கிலும் அது இன்று நிற்காது. நான் நூற்றிருபது என்றேன். என் கூட்டலிலும் பெருக்கலிலும் பிசகில்லை. இந்த மூவரில் யார் கேட்ட தொகை நியாயம்?

விடை:

மாதம்மாள் கேட்டதுதான். அன்றைய இருபதிலிருந்து நிலத்தின் எட்டைக் கழியுங்கள்: பன்னிரண்டு. இன்றைய ஏழோடு, தண்ணீரில் போய்த் திரும்பி வந்த ஐந்தைக் கூட்டுங்கள்: அதே பன்னிரண்டு. ஆகவே பங்கின் விலை அன்றும் இன்றும் நூற்றிருபது. ஒரே ஒரு தடவை வந்த எட்டு ரூபாயை, அதுவும் தாம் முன்பே எடுத்துக்கொண்ட எட்டு ரூபாயை, திம்மராஜ் பத்தால் பெருக்கி அவர்களிடம் எண்பது ரூபாய் அதிகம் பிடுங்கிவிட்டார். பங்குக்கு நூற்றிருபது, பிடுங்கியதற்கு எண்பது. நான் இந்த வருடத்தை மட்டும் சரிசெய்து, அந்த வருடத்தை அப்படியே விட்டுவிட்டேன். எழுபது என்றபோது எல்லோரும் கொதித்தார்கள். என் நூற்றிருபது அவர்களை அடக்கிவிட்டது. அதனால்தான் அவர் அந்தத் தாளைப் பையில் வைத்துக்கொண்டார்.

மாதம்மாள் கேட்ட பிறகுதான் இது எனக்கு உறைத்தது. தாளைத் திருப்பிக் கேட்டேன், தரவில்லை. கேண்டீன் பலகையில் 'இன்று தக்காளி சாதம்' என்றிருந்ததை அழித்துவிட்டு, 120 + 80 என்று எழுதி, எண்பது எங்கிருந்து வந்தது என்று சொன்னேன்.

"ஆளுக்கு எவ்வளவுன்னும் எழுது பாப்பா" என்றார் மாதம்மாள்.

எட்டாயிரம் என்று எழுதினேன். வரிசையில் முதலில் நின்றவர் பேனாவை மூடி மேசைமேல் வைத்தார்.