உப்பு நிறைஞ்சிருக்கு

என் மூத்தவன் வயிற்றில் இருந்த வருஷம், ஒரு பிரதோஷத்தன்று சிவன் கோயில் வரிசையில் நிற்கும்போது என் நாத்தனார் கோமதி இதைச் சொன்னாள். நான் சிரித்த சிரிப்பில் கையிலிருந்த அபிஷேகப் பால் தளும்பிவிட்டது.

மருதங்கோட்டை அரண்மனையில் திருமேனி என்று ஒருவர் இருந்தார். ராஜாவுக்கு யோசனை சொல்வது அவர் வேலை. வம்பு அவர் பொழுதுபோக்கு.

அந்த அரண்மனையில் ஒருவர் சொன்னது இன்னொருவருக்கு விளங்காமல் தினமும் ஏதாவது குளறுபடி. அதைச் சரிசெய்ய ராஜா வெளியூரிலிருந்து வாக்கியசாகரர் என்ற பண்டிதரை வரவழைத்தார். அவர் வந்ததும் ஒரு சித்தாந்தம் சொன்னார்.

“சொல்லுக்கு ஒரே பொருள்தான். சொன்னபடி நடக்காவிட்டால் சொன்னவனே குற்றவாளி. உதாரணம் பாருங்கள். தோட்டக்காரன் ‘இதோ வந்துட்டேன்’ என்றான். பறித்த பூவெல்லாம் வாடின பிறகுதான் வந்தான். பொய்யன்!”

“நம்ம ஊரில் ‘வந்துட்டேன்’னா இனிமேல்தான் கிளம்பப் போறான்னு அர்த்தம் சுவாமி,” என்றார் திருமேனி.

“சித்தாந்தத்துக்கு நம்ம ஊர், உங்க ஊர் கிடையாது!”

ராஜாவும் மயங்கிப்போய் அதையே அரண்மனைச் சட்டமாக்கிவிட்டார்.

அடுத்த வாரம் பக்கத்து நாட்டு ராஜாவுக்கு விருந்து. சாமான் வாங்கும் பொறுப்பு பண்டிதருக்கு. அவர் உக்கிராணத்தில் சாமான் அளந்து கொடுக்கும் வைரவனைக் கூப்பிட்டு, “உப்பு இருக்கிறதா?” என்றார்.

வைரவன் சாமி பயம் உள்ளவன். விளக்கெரியும் இடத்தில் ‘இல்லை’ என்ற சொல்லை எடுக்கமாட்டான். “உப்பு நிறைஞ்சிருக்குங்க,” என்றான். தீர்ந்துபோனதை நம் வீடுகளில் அப்படித்தானே சொல்வோம்? பண்டிதரோ பிறந்ததிலிருந்து அடுப்படியை எட்டிப் பார்த்தவரில்லை. நிறைய இருக்கிறதாக்கும் என்று வாங்காமல் விட்டுவிட்டார்.

கடையெல்லாம் அடைத்த பிறகுதான் சமையல்காரர்களுக்கு விஷயம் தெரிந்தது. விருந்தில் குழம்பு முதல் கூட்டு வரை உப்பில்லை. வந்த ராஜா ஒரு வாய் வைத்தார். “உப்புச் சப்பில்லாத உறவு போலிருக்கிறதே!” என்று சொல்லிக் கை கழுவிவிட்டார்.

அவர் தேர் போனதும் நம் ராஜா கொதித்தார். பண்டிதர் முந்திக்கொண்டார். “நிறைஞ்சிருக்கு என்றவன் இவன். சொன்னவனே குற்றவாளி!”

ராஜா எத்தனை கோபத்திலும் மொட்டையாகப் ‘போ’ என்று சொல்லமாட்டார். தாயார் வளர்த்த வளர்ப்பு. “வைரவா, இந்த ஊரை விட்டே போய் வா!” என்று கத்தினார்.

வைரவன் வெளியே வந்து திருமேனியின் கையைப் பிடித்துக்கொண்டு அழுதான். “பொண்ணு பிரசவத்துக்கு வந்திருக்கா ஐயா. நிறைமாசம். அவளை எங்கே கூட்டிட்டுப் போவேன்?”

திருமேனிக்கும் கண் கலங்கியது. ராஜா சொன்னதை வாய்க்குள் ஒருதரம் சொல்லிப் பார்த்தார். உதட்டோரம் சிரிப்பு வந்துவிட்டது.

“அவளை எங்கேயும் கூட்டிப்போக வேண்டாம். நீ மட்டும் ஊர் எல்லையைத் தாண்டு. நிதானமா ஒரு வெற்றிலை போடு. திரும்பி வந்து நேரே சபையில் நில்லு.”

அப்படியே வந்து நின்றான். வாயெல்லாம் சிவப்பு.

“ஏனடா வந்தாய்?” என்று ராஜா எழுந்தே விட்டார்.

“மகாராஜாதானே ‘போய் வா’ன்னீங்க. போனேன், வந்தேன்.”

பண்டிதர் குதித்தார். “அதிகப்பிரசங்கி! ‘வா’ என்பது மங்கலத்துக்காகச் சேர்ப்பது. ‘போ’ என்றுதான் அர்த்தம். சின்னக் குழந்தைக்குக்கூடத் தெரியுமே!”

“அப்படிப் போடுங்க சுவாமி!” என்றார் திருமேனி. “வைரவன் ‘நிறைஞ்சிருக்கு’ன்னதும் மங்கலத்துக்குத்தான். இல்லை, சொல்லுக்கு ஒரே பொருள்தான் என்றால், ‘வா’ என்று சொல்லிவிட்டு ‘ஏன் வந்தாய்’ என்கிறவர்தான் குற்றவாளி. அது யார்? சட்டப்படி நீங்களே சொல்லுங்க.”

பண்டிதர் ராஜாவைப் பார்த்தார். மெல்ல எழுந்து, “நான் உத்தரவு வாங்கிக்கொள்கிறேன்,” என்று நழுவப் பார்த்தார்.

ராஜாவுக்கு அதற்குள் எல்லாம் விளங்கிவிட்டது. “உத்தரவுதானே? வாங்கிக்கொள்ளும்! கடைத்தெருவுக்குப் போய் ஒரு மூட்டை உப்பைத் தலையில் சுமந்து வாரும். இந்த ‘வாரும்’ நிஜ ‘வாரும்’!”

சபையே சிரிப்பில் அதிர்ந்தது. வைரவன் திரும்பக் கிடைத்த உக்கிராணச் சாவியைக் கண்ணில் ஒற்றிக்கொண்டான்.

“திருமேனி, உனக்கு என்ன வேண்டும்?” என்றார் ராஜா.

திருமேனி கைகட்டி நின்றார். “உங்க தயவில் வீட்டில் அரிசி, பருப்பு, எண்ணெய் எல்லாமே நிறைஞ்சிருக்கு மகாராஜா.”

ராஜா வயிறு குலுங்கச் சிரித்து, “ரெண்டு வண்டி கட்டுங்கடா!” என்றார்.

கேட்டீர்களே, ஒன்று செய்யுங்கள். இன்றைக்கு உங்கள் வீட்டில் உப்பு நிறைஞ்சிருந்தால், கடைக்குப் போகிறவரிடம் ‘வாங்கிட்டு வாங்க’ என்பதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்.